நெடுந்தீவின் கற்கள்

விடுமுறைக்கு நெடுந்தீவு பார்க்கப் போகிறவர் மனதில் ஒரு பட்டியல் இருக்கும்: குதிரைகள், பெருக்குமரம், கோட்டை, கடற்குளிப்பு. அக்கராயனிலிருந்து விடியற்புறம் புறப்பட்டு, ஆனையிறவும் யாழ்ப்பாணமும் கடந்து, குறிகட்டுவானில் படகேறினால் ஏறத்தாழ ஒரு மணி நேரக் கடற்பயணம். எல்லாவற்றையும் ஒரே பகலில் பார்த்துவிடலாம். ஆனால் பார்ப்பது வேறு, அறிவது வேறு.

பெருக்குமரம் ஆபிரிக்க மண்ணுக்குரியது. அராபிய வணிகர் கொண்டுவந்தது என்பர். குதிரைகளோ ஐரோப்பியர் வளர்த்து, விட்டுச்சென்றவற்றின் வழிவந்தவை. 1658இல் போர்த்துக்கேயரிடமிருந்து யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், தீவுகளுக்குத் தம் ஊர்ப்பெயர்களைச் சூட்டினர். வேலணை லெய்டன் ஆயிற்று, காரைதீவு அம்ஸ்ரடாம், நெடுந்தீவு டெல்வ்ற். ஆங்கிலத்தில் டெல்வ்ற் இன்றும் வழங்குகிறது. ஊரவர் வாயில் அது என்றும் நெடுந்தீவுதான்.

இந்தப் பட்டியலில் பலர் சேர்க்காத ஒன்று உண்டு. அது தீவெங்கும் ஓடும் கல்வேலி. குளமும் வாய்க்காலும் உள்ள அக்கராயனில் வயலுக்கு மண்ணால் வரம்பு கட்டுவோம். நெடுந்தீவில் நிலத்தைக் கிண்டினால் முருகைக்கல்தான் வரும். கல்லை அகற்றாமல் பயிரில்லை. அகற்றிய கல்லைச் சுண்ணாம்பு சேர்க்காமல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார்கள். ஆடுமாடு புகாமல் காக்கும் வேலியும் அதுவே, காணியின் எல்லையும் அதுவே. கோட்டையும் முருகைக்கல்லால் ஆனதுதான். ஆனால் ஆண்டவர்களின் கோட்டை இடிந்து கிடக்கிறது. உழைத்தவர்களின் வேலி நிற்கிறது. ஒரு கல் சரிந்தால் எடுத்துவைக்க அங்கே ஒரு கை இருக்கிறது என்பதே காரணம்.

திரும்பிவரும்போது இறங்குதுறையருகே சற்று நில்லுங்கள். அங்கே குமுதினிப் படகின் நினைவிடம் உண்டு. 1985ஆம் ஆண்டு மே 15ஆம் நாள், நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட அந்தப் படகை நடுக்கடலில் மறித்து, பெண்களும் குழந்தைகளும் உள்ளிட்ட பயணிகளை வெட்டிக் கொன்றார்கள். நமக்கு விடுமுறைப் பயணமாகும் அதே கடல்தான், தீவாருக்கு வைத்தியசாலைக்கும் சந்தைக்கும் படிப்புக்கும் போகும் தெரு. அந்தத் தெருவில் கொலை நடந்த பின்னரும் அவர்கள் படகேறினார்கள். ஏறாமல் வாழ வழியில்லை.

குதிரைகளைப் பார்த்து மகிழுங்கள். பெருக்குமர நிழலில் இளைப்பாறுங்கள். ஆனால் அந்த வேலிகளில் ஒன்றின் அருகேயும் சற்று நின்று, அதைக் கட்டியவர்களை நினையுங்கள். நெடுந்தீவின் வரலாற்றை அவர்கள் ஏட்டில் எழுதவில்லை, கல்லில் அடுக்கி வைத்திருக்கிறார்கள்.