காஞ்சிபுரத்துக் கொத்தடிமைகளும் கண்காணிப்புக் குழுவும்

கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976இல் நிறைவேறியது. 1975 அக்டோபர் 25 முதலே அது நடைமுறைக்கு வந்ததாகக் கொள்ளப்பட்டது. ஆளைக் கட்டிப்போட்ட முன்பணக் கடன்கள் அத்தோடு செல்லாமல் போயின. மாவட்டந்தோறும் ஆட்சியர் தலைமையில் கண்காணிப்புக் குழு வேண்டும் என்றும், அதில் பட்டியல் சாதியினர், பழங்குடியினரிலிருந்து மூவர் இடம்பெற வேண்டும் என்றும் 13ஆம் பிரிவு விதித்தது.

காஞ்சிபுரத்தில் முன்பணம் பழைய வழக்கம். பெற்றோர் வாங்கிய தொகைக்காகப் பிள்ளைகள் பட்டுத் தறியில் உட்கார்ந்தார்கள். ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு இதை 2003இல் அறிக்கையாக வெளியிட்டது. அதற்கு முன்பே, 1995இல், உச்ச நீதிமன்றம் நியமித்த ஆணையர்கள் தமிழ்நாட்டில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கொத்தடிமைகள் இருப்பதாகக் கணித்திருந்தார்கள். மாநில அரசு அந்த எண்ணிக்கையை ஏற்கவில்லை.

எண்ணிக்கையில் ஏன் இத்தனை வேறுபாடு என்பதற்கு இருளர்களின் வாழ்க்கையே விளக்கம். பாம்பும் எலியும் பிடித்து வாழ்ந்த இந்தப் பழங்குடியினரின் தொழிலை 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் சுருக்கியது. நிலமில்லாத குடும்பங்கள் வைத்தியச் செலவுக்கோ கல்யாணத்துக்கோ முன்பணம் வாங்கி, அரிசி ஆலைக்கும் செங்கல் சூளைக்கும் மரம் வெட்டவும் போயின. விசாரிக்க வரும் அதிகாரி முதலாளியை அருகில் வைத்துக்கொண்டு கேட்டால், 'விருப்பப்பட்டுத்தான் வேலை செய்றோம்' என்ற பதில்தான் கிடைக்கும். அந்தப் பதிலை நம்பி எழுதும் பதிவேட்டில் கொத்தடிமையே இருக்க மாட்டார். பந்துவா முக்தி மோர்ச்சா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை உணர்ந்தே தீர்ப்பளித்தது: கட்டாய உழைப்பு என்று தெரிந்தாலே, பின்னால் முன்பணம் இருப்பதாகக் கொள்ள வேண்டும், இல்லையென்று காட்டுவது முதலாளியின் பொறுப்பு.

2019 ஜூலையில் காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களில் மரம் வெட்டும் இடங்களிலிருந்து 13 குடும்பங்களைச் சேர்ந்த 42 இருளர்கள் மீட்கப்பட்டார்கள். முதியவர் ஒருவர் அதிகாரியின் காலில் விழுந்த படம் நாடெங்கும் பரவியது. அவர் வாங்கிய கடன் ஆயிரம் ரூபாய் என்று அப்போது செய்தி வந்தது. சட்டம் வந்து 43 ஆண்டுகள் ஆன பிறகும், கோயில் நகரத்தின் பெயர் தாங்கிய மாவட்டத்திலேயே இது நடந்தது என்பது பெரும் வேதனை.

மீட்கப்பட்டவருக்குக் கோட்ட அளவிலான அதிகாரி விடுதலைச் சான்றிதழ் தருகிறார்; கடன் ரத்தானதற்கு அந்தத் தாளே அத்தாட்சி. 2016ஆம் ஆண்டின் மத்திய அரசுத் திட்டப்படி அப்போது உடனடி உதவி 20,000 ரூபாய். ஒரு லட்சம் முதல் மூன்று லட்சம் வரையிலான மறுவாழ்வுத் தொகை, முதலாளி மீதான வழக்கின் முடிவோடு பிணைக்கப்பட்டிருக்கிறது.