பதமும் பாதரசமும்

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். வான்கோழிக்கு இது பொருந்தாது. மேற்தோல் பொன்னிறமானாலும் எலும்பையொட்டிய சதை வேகாமலிருக்கலாம். அங்கே ஊசி வெப்பமானியைச் செருகி, 74 டிகிரி செல்சியஸ் காட்டுகிறதா என்று பார்ப்பது மேலைநாட்டு வழக்கம்.

சூட்டை இப்படி எண்ணால் அளப்பது மிகப் பழையதன்று. 1714-இல் ஃபாரன்ஹீட் பாதரச வெப்பமானியை உருவாக்கினார். 1860-களில் லூயி பாஸ்தர், கொதிக்கவிடாமல் சூடாக்கியே மதுவைக் கெடாமல் காக்கலாமென்று காட்டினார். அம்முறை பின்னர் பாலுக்கும் வந்தது. 72 டிகிரியில் 15 விநாடி என்பது இன்றைய கணக்கு.

ராஜபாளையத்தை அடுத்த ஸ்ரீவில்லிபுத்தூரில், மரபாகப் பால்கோவா கிண்டுவோர் கண்ணாலேயே பதம் பார்க்கின்றனர். ஓயாமல் கிளறுவதால் சூடு எங்கும் ஒன்றுபோல் பரவுகிறது. கொதிக்கும் பால் 72 டிகிரியை எப்போதோ தாண்டிவிடுகிறது. நீர் மிகுந்திருக்கும்வரை சூடு 100 டிகிரியையொட்டியே நிற்பதால், பால் எவ்வளவு சுண்டியது என்பதை வெப்பமானி சொல்லாது. கரண்டியின் கனம் சொல்லும். எஞ்சிய ஈரமும், ஆறியபின் தொடும் கையின் தூய்மையுமே பண்டம் எத்தனை நாள் தாங்கும் என்பதைத் தீர்மானிக்கின்றன.

2019-இல் இப்பால்கோவாவுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊரின் பெயருக்கு இனிச் சட்டத்தின் காவல் உண்டு. பதம் தெரிந்த கைக்கு அப்படியொரு காவல் இல்லை. அது அடுப்படியில் உடனிருந்தே கற்கப்பட வேண்டியது.