தூர்வாரக் கேட்ட துறை: மட்டாஞ்சேரியில் பொதுப்போக்குவரத்தும் பொதுவெளியும்

கொச்சியின் மட்டாஞ்சேரி அரண்மனைக்கு அருகே, நீரில் ஊன்றிய தூண்களின் மேல் எழுந்த வாட்டர் மெட்ரோ படகு நிலையம் 2025 அக்டோபர் 11 அன்று திறக்கப்பட்டது. அதே கரையில் மாநில நீர்வழிப் போக்குவரத்துத் துறையின் பழைய படகுத்துறை, சேறு படிந்து படகு அணைய வழியின்றிப் பல ஆண்டுகள் முடங்கிக் கிடந்தது. அந்த ஆண்டுகளில் பகுதி மக்கள் கேட்டது எளியது: தூர்வாருங்கள், படகை விடுங்கள். குடியிருப்போரின் யோசனைகள் பெரும்பாலும் பராமரிப்பையும் நேர அட்டவணையையும் பற்றியவை. நிர்வாகத்தின் வாய்க்கால்களோ புதிய திட்டங்களுக்காக வெட்டப்பட்டவை. இந்தப் பொருத்தமின்மையே கொச்சியின் சிக்கல் என்பது இக்கட்டுரையின் வாதம்.

வாட்டர் மெட்ரோவின் சாதனையைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. 38 நிலையங்கள், 78 படகுகள், 10 தீவுகள் என்று வரையப்பட்ட இத்திட்டத்துக்கு ஜெர்மனியின் கே.எஃப்.டபிள்யூ வங்கி கடன் அளித்தது. ஓதத்தோடு ஏறி இறங்கும் மிதவை மேடையால், சக்கர நாற்காலியில் வருபவரும் பிறர் கையைப் பிடிக்காமல் படகேறலாம். ஆனால் நிலையத்தின் வாசலில் திட்டத்தின் எல்லை முடிந்துவிடுகிறது. அதற்கு அப்பால் பஜார் சாலை: மிளகும் அரிசியும் ஏற்றி இறக்கும் லாரிகள், ஆட்டோக்கள், யூதத் தெருவுக்கு வரும் சுற்றுலாப் பயணிகள், பள்ளிப் பிள்ளைகள் எல்லோருக்கும் அந்த ஒரே குறுகல் வழிதான். சாலை ஒருவரிடம், வடிகால் ஒருவரிடம், படகு வேறொருவரிடம். இவற்றை இணைக்கவே 2019ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பெருநகரப் போக்குவரத்து ஆணையம் கொச்சியில் 2020இல் தொடங்கப்பட்டது.

குறுக்கே உள்ள வைப்பின் தீவு இந்தப் பொருத்தமின்மைக்கு நல்ல சான்று. கோஸ்ரீ பாலங்கள் 2004இல் திறக்கப்பட்டன. ஆயினும் தீவின் தனியார் பேருந்துகள் உயர்நீதிமன்றச் சந்திப்பிலேயே நிறுத்தப்பட்டன. நகருக்குள் விடவேண்டும் என்ற கோரிக்கை ஆண்டுக்கணக்கில் நீண்டது. பாலத்துக்குப் பணம் கிடைத்தது. தடத்துக்கு அனுமதி எளிதில் கிடைக்கவில்லை.

1996இல் மக்கள் திட்ட இயக்கத்தைத் தொடங்கிய மாநிலத்தில் இந்த நிலை வியப்பளிக்கலாம். விடையின் ஒரு பகுதி சட்டத்தில் இருக்கிறது. 1994ஆம் ஆண்டு கேரள நகராட்சிச் சட்டப்படி, சிறிய நகரங்களில் வாக்காளர் அனைவரும் கூடும் வார்டு சபை உண்டு. ஒரு லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் நகரங்களில் பிரதிநிதிகள் அமரும் வார்டு குழுதான். கிராம சபையில் குளத்தைப் பற்றி எழுந்து பேசும் உரிமை, மட்டாஞ்சேரியில் படகுத்துறையைப் பற்றிப் பேச இல்லை.

பயனாளர்களின் தேவையிலிருந்து பிறந்த பொதுவெளி எப்படி இருக்கும் என்பதைப் பக்கத்திலேயே காணலாம். ஃபோர்ட் கொச்சியின் ‘வெளி’ என்ற பகுதியில் உள்ள சலவைக்கூடத்தைப் பெருங்கொச்சி வளர்ச்சி ஆணையம் 1976இல் கட்டியது. தமிழ் பேசும் வண்ணார் குடும்பங்கள் அங்கே உழைக்கின்றன. தனித்தனித் துவைகல் தொட்டிகள். அருகிலேயே உலர்த்தும் திடல். இரட்டை முறுக்குக் கயிற்றின் இடையில் துணியின் முனையைச் செருகிவிடுகிறார்கள்; கிளிப் தேவையில்லை. திடலைத் தவிர்த்துத் தொட்டிகளை மட்டும் கட்டியிருந்தால் அந்தக் கூடம் பயனற்றுப் போயிருக்கும். வேலையின் முழுச் சுற்றையும் கணக்கில் எடுத்ததே அதன் வெற்றி. பயணத்துக்கும் இதே அளவுகோல் பொருந்தும்: வீட்டு வாசலிலிருந்து படகு வரை.

குடியிருப்போர் ஒரே குரலில் பேசுவதில்லை என்ற மறுப்பு நியாயமானது. கிடங்கு வணிகருக்கு லாரி நிற்க இடம் வேண்டும். நடந்து போகிறவருக்கு அந்த இடமே வேண்டும். ஆனால் அந்த முரணைத் தீர்க்கத்தான் மன்றம் தேவை. முரண் இருப்பதால் மன்றம் வேண்டாம் என்பது தலைகீழ் தர்க்கம். ஆகவே மூன்று மாற்றங்கள் போதும்: பெருநகரங்களுக்கும் வார்டு சபை; படகு, பேருந்து நேர அட்டவணைகளை அச்சபைகளின் முன் ஆண்டுதோறும் வைக்கும் கடமை போக்குவரத்து ஆணையத்துக்கு; ஒவ்வொரு புதிய நிலையத்தின் நிதியிலும் தூர்வாருதலுக்கும் அணுகு தெருவுக்கும் தனி ஒதுக்கீடு. இவை இல்லாமல் நடத்தப்படும் கருத்துக்கேட்புக் கூட்டம் வெறும் சடங்கு.