ஆலை என்னும் சொல்

"சபை அவையாயிற்று, சிரமணர் அமணராயினர்; ஆகவே வடமொழிச் 'சாலா'வும் சகரம் இழந்து 'ஆலை' ஆயிற்று" என்று சொல்லி முடித்துவிடும் வழக்கம் நம் அன்பர் சிலரிடம் வேரூன்றிவிட்டது. அறச்சாலையாகவும் பாடசாலையாகவும் அச்சொல் தன் சகரத்தோடு தமிழில் சௌக்கியமாக வாழ்ந்துகொண்டிருக்க, ஓரிடத்தில் மட்டும் அது ஏன் தலையிழந்தது என்று அவர்கள் வினவியதில்லை.

கன்னடத்தை நோக்குக. கரும்பாட்டி வெல்லம் காய்ச்சும் இடத்துக்கு அங்கே 'ஆலெமனெ' என்று பெயர். ஆலெ என்பது சாலையாயின் அது 'வீட்டுவீடு' என்றன்றோ பொருள்படும்? ஆலெ கரும்பு நெரிக்கும் பொறி. அது நிற்கும் மனை ஆலெமனெ. நாமும் கரும்பை ஆட்டுகிறோம், செக்கை ஆட்டுகிறோம். ஆடுதற்கு மற்றொரு சொல் ஆலுதல் என்பதை மயிலைப் பாடிய புலவர் அனைவரும் அறிவர். அதற்கு ஒலித்தற்பொருளும் உண்டாதலின், ஓயாது முழங்கும் பொறிக்கு இதனினும் பொருத்தமான பெயர் கிடைப்பது அரிது.

பெரும்பாணாற்றுப்படையில் உருத்திரங்கண்ணனார், முழங்குவதை எந்திரம் என்றும் புகை சூழ்ந்த இடத்தை ஆலை என்றும் பிரித்து வழங்குகிறாரே என்று எதிர்க்கட்சியார் மகிழக்கூடும். பொறியின் பெயர் இடத்துக்கு ஆகிவருதல் புதிதன்று. சான்று வேண்டுவோர் மகாராஷ்டிரத்துக்கு வருக. மராத்தியில் மாவரைக்கும் பொறியும் கிரணி, 1856இல் பம்பாய்த் தாடதேவில் காவஸ்ஜி தாவர் ஓட்டத் தொடங்கியது போன்ற பஞ்சாலையும் கிரணி, அங்கே உழைப்போர் கிரணி காம்கார், அவர்கள் குடியிருந்த பரேல், லால்பாக் முதலிய பிரதேசம் முழுதும் கிரண்காவ். 1982இல் தத்தா சாமந்தின் தலைமையில் ஏறத்தாழ இரண்டரை லட்சம் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்து, பற்பல ஆலைகள் மீண்டும் திறவாமலே போனபின்னும் அவ்வூர்ப் பெயர் போகவில்லை. புனேயிலோ, 1858இல் வந்த இருப்புப்பாதையின் நிலையத்தை அடுத்து 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்த ராஜா பகதூர் மில்லின் கொட்டகைகளில் இன்று தறியோசை இல்லை; உணவு விடுதிகள் நடக்கின்றன. எனினும் அவ்விடம் மில், அதை ஒட்டிய வீதி மில் சாலை. ஆங்கில 'மில்'லும் தானியம் அரைத்த பொறியாய்ப் பிறந்து நூல் நூற்கும் கட்டடமாய் வளர்ந்ததே.

ஆலுகின்ற பொறியின் பெயரே கொட்டகைக்கும் ஆயிற்று என்பது என் துணிபு. மறுப்போர் முதலில் ஆலெமனெக்கு விடை சொல்லட்டும்.