ஓர் அரிசி மூட்டை கணக்கு

பெர்லின் நகரம். 2022, டிசம்பர் 16. வெள்ளிக்கிழமை. விடிகாலை மணி 5.43.

நகரத்தின் மத்தியில் இருந்த ஒரு பெரிய ஹோட்டலின் முகப்புக் கூடத்தில் திடீரென்று ஒரு சத்தம். குண்டு வெடித்த மாதிரி. தூக்கத்திலிருந்து அலறிக்கொண்டு எழுந்தவர்கள் பூகம்பம் என்றே நினைத்தார்கள். கதவுகள் பிய்த்துக்கொண்டு தெருவுக்குப் போயின. பின்னாலேயே தண்ணீர். பத்து லட்சம் லிட்டர் உப்புத் தண்ணீர். அதோடு சேர்ந்து சுமார் 1,500 வண்ண மீன்கள்.

உடைந்தது ஒரு மீன் தொட்டி. சாதாரணத் தொட்டியல்ல. பேர், அக்வாடோம். நாலு மாடிக் கட்டடத்துக்குக் குறையாத உயரத்தில், உருளை வடிவில், முழுக்க அக்ரிலிக்கில் செய்தது. நடுவே லிஃப்ட்கூட உண்டு. அதில் ஏறிப் போனால் சுற்றிலும் மீன். 2003-ல் கட்டி முடித்தார்கள். உலகத்திலேயே பெரிய உருளைத் தொட்டி என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

இருபது வருடம்கூட நிற்கவில்லை. சில விநாடிகளில் எல்லாம் முடிந்தது.

காயம்பட்டவர்கள் இரண்டே பேர். காரணம், நேரம். அதுவே ஒரு மணி நேரம் தள்ளி நடந்திருந்தால் அந்தக் கூடத்தில் ஆள் நடமாட்டம் இருந்திருக்கும். நினைத்துப் பார்க்கவே பயமாயிருக்கிறது. மீன்கள்தான் பாவம். அனேகமாக எல்லாமே செத்துப்போயின.

ஏன் உடைந்தது? அதற்குப் பின்னால் வருகிறேன். முதலில் என் வீட்டுக் கதையைக் கேட்டுவிடுங்கள்.

என் தொட்டி இரண்டடி நீளம், ஓரடி உயரம். நாமே சேர்த்துக்கொள்கிற கிட். பெட்டிக்குள் அளவாய் அறுத்த ஐந்து அக்ரிலிக் பலகைகள், ஊசி மாட்டிய ஒரு சின்ன பிளாஸ்டிக் பாட்டில், உள்ளே ஏதோ தண்ணீர் மாதிரி ஒரு திரவம். செய்முறைக் காகிதம் ஒன்றும் இருந்தது. நான் படிக்கவில்லை. பி.காம். படித்தவனுக்கு என்ன பெரிய செய்முறை? அந்தத் திரவத்தைப் பார்த்தேன். பிசுபிசுப்பே இல்லை. இதாவது, ஒட்டுவதாவது! நேரே ஹார்டுவேர் கடைக்குப் போய் ஒரு சிலிக்கான் டியூப் வாங்கி வந்து மூலைக்கு மூலை பூசிவிட்டேன். கண்ணாடித் தொட்டிக்கு அதைத்தானே பூசுகிறார்கள்?

மூன்றாம் நாள் கீழ்வீட்டு அம்மா கதவைத் தட்டினார். அவர் வீட்டு சீலிங்கில் ஈரம்.

அப்புறம்தான் படித்தேன். சிலிக்கான் கண்ணாடியைக் கெட்டியாகப் பிடிக்கும். அக்ரிலிக்கை அப்படிப் பிடிக்காது. கொஞ்ச நாளில் பட்டையாக உரிந்து வந்துவிடும். நான் ஒதுக்கிய அந்தத் தண்ணி மாதிரித் திரவம்தான் அசல் சரக்கு. அது பசையே இல்லை. கரைப்பான். பெரும்பாலும் டைக்ளோரோமீத்தேன். இரண்டு பலகைகளைச் சேர்த்துவைத்து இடுக்கில் ஊசியால் விட்டால், தானாகவே நூல் பிடித்த மாதிரி உள்ளே ஓடும். இரண்டு பக்கத்து அக்ரிலிக்கையும் மேலாகக் கரைக்கும். கரைந்த இரண்டும் ஒன்றோடொன்று கலக்கும். திரவம் ஆவியாகிப் போய்விடும். மிச்சம்? ஒரே பலகை. ஒட்டு என்று சொல்வதைவிட வெல்டிங் என்று சொல்வது சரி.

ஆனால் சில நிபந்தனைகள். விளிம்பு நேராக, வழவழப்பாக இருக்கவேண்டும். பல்லிளித்துக்கொண்டிருந்தால் நடுவே குமிழி நிற்கும். குமிழி நின்ற இடம்தான் நாளைக்குக் கசிகிற இடம். ஜன்னலைத் திறந்துவைத்துச் செய்யவேண்டும், அந்த ஆவி உடம்புக்கு ஆகாது. ஒரு நாள் முழுக்கத் தொடாமல் விடவேண்டும். பிறகு தண்ணீர் நிரப்பி, கீழே பழைய செய்தித்தாளை விரித்து, இன்னொரு நாள் காத்திருக்கவேண்டும். காகிதம் நனையவில்லையா, மீனை விடலாம்.

இந்த மூலைகளுக்கு ஏன் இத்தனை மரியாதை? ஒரு சின்னக் கணக்கு. என் தொட்டியின் முன்பக்கப் பலகை மேல் தண்ணீர் தள்ளுகிற பாரம் ஏறத்தாழ 27 கிலோ. ஓர் அரிசி மூட்டையை எப்போதும் சாய்த்து வைத்திருக்கிற மாதிரி. நீளத்தை இரண்டு மடங்காக்கினால் பாரமும் இரண்டு மடங்கு. உயரத்தை இரண்டு மடங்காக்கினால்? நான்கு மடங்கு! ஆழம் கூடக்கூட அழுத்தமும் கூடுகிறது, பலகையும் பெரிதாகிறது. அந்தப் பாரத்தையெல்லாம் தாங்குவது அந்த மெல்லிய ஒட்டுகள்.

கண்ணாடிக்குள் மீன் வளர்த்துப் பார்த்த ஒவ்வொருவரும் மோதியது இந்த மூலையோடுதான். கதை ஒரு பெண்மணியிடமிருந்து தொடங்குகிறது.

ழான் வில்ப்ரூ. 1794-ல் பிரான்ஸின் ஒரு சின்ன ஊரில் பிறந்தவர். அப்பா செருப்பு தைப்பவர். பாரிஸுக்கு வந்து உடை தைத்து, ஓர் இளவரசியின் கல்யாண உடுப்பில் கைவேலை செய்து பேர் வாங்கினார். ஜேம்ஸ் பவர் என்ற வியாபாரியைக் கல்யாணம் செய்துகொண்டு சிசிலித் தீவின் மெசினாவுக்குக் குடிபோனார். அங்கே கடலைப் பார்த்தார். பிடித்துக்கொண்டது.

ஆர்கோனாட் என்று ஒரு பிராணி. ஆக்டோபஸ் வகை. காகிதம் போல மெல்லிய ஓட்டுக்குள் வசிக்கும். அந்த ஓடு அதன் சொந்த வீடா, வேறொன்றிடம் திருடியதா? அறிஞர்கள் அடித்துக்கொண்டிருந்தார்கள். செத்த ஆர்கோனாட்டை மேஜையில் வைத்துக்கொண்டு எத்தனை வருடம் பேசினாலும் முடியாத வழக்கு. ழான் என்ன செய்தார்? 1832 வாக்கில் கண்ணாடித் தொட்டி செய்தார். கடல் தண்ணீரை நிரப்பினார். உயிரோடு பிடித்துவந்து வளர்த்தார். ஓட்டைக் கொஞ்சம் உடைத்துவிட்டுக் கவனித்தார். அது தானே சுரந்து, தானே அடைத்துக்கொண்டது. வழக்கு முடிந்தது. சொந்த வீடுதான்!

பின்னாளில் சிசிலியை விட்டுக் கிளம்பியபோது அவருடைய சேகரிப்பிலும் குறிப்புகளிலும் பெரும்பகுதி கப்பலோடு கடலில் மூழ்கிவிட்டன. அதற்குப் பிறகு அவர் ஆராய்ச்சி பக்கமே அதிகம் போகவில்லை. மீன்தொட்டிகளின் தாய் என்று ரிச்சர்ட் ஓவன் போன்ற பெரிய விஞ்ஞானி அவரை மெச்சினார். உலகம் மட்டும் மறந்துவிட்டது.

பெயரைத் தட்டிக்கொண்டு போனது லண்டன். தாவரம், மீன், நத்தை மூன்றையும் சேர்த்துவைத்தால் தண்ணீர் கெடாமல் இருக்கும் என்று 1850-ல் ராபர்ட் வாரிங்டன் காட்டினார். 1853-ல் லண்டன் மிருகக்காட்சி சாலையில் மீன் வீடு திறந்தார்கள். ஜனங்கள் மொய்த்தார்கள். மறு வருடம் பிலிப் ஹென்றி காஸ் அக்வேரியம் என்ற பெயரிலேயே புத்தகம் போட, வசதியான வீடுகளில் எல்லாம் தொட்டி முளைத்தது. இரும்புச் சட்டம், கண்ணாடி, மூலையில் புட்டி. புட்டி காய்ந்து விரிசல் விட்டது. உப்புத் தண்ணீர் இரும்பைத் தின்றது. நூறு வருடம் இதே ரோதனை. சிலிக்கான் புழக்கத்துக்கு வந்து சட்டத்துக்கு விடை கொடுத்தது 1960-களில்தான்.

நம்ம சென்னையும் இந்த ஆசைக்குத் தப்பவில்லை. மியூசியம் சூப்பரின்டென்டன்ட் எட்கர் தர்ஸ்டன் முயற்சியில் 1909-ல் மெரினா கரையில் மீன் காட்சி சாலை திறந்தார்கள். இரண்டாம் உலகப்போர் சமயத்தில் அதை மூடினார்கள்.

அதே போர்தான் அக்ரிலிக்கை வானத்தில் ஏற்றியது. 1933-ல் ஜெர்மனியில் ஓட்டோ ரோமின் கம்பெனி அதை பிளெக்ஸிகிளாஸ் என்ற பெயரில் பதிவு செய்தது. பிரிட்டனில் அதற்கு பெர்ஸ்பெக்ஸ் என்று பெயர். கண்ணாடியில் பாதி எடை. சுலபத்தில் உடையாது. ஸ்பிட்ஃபயர் விமானங்களின் கூண்டு அதில்தான் செய்தார்கள். நொறுங்கிய கூண்டின் சில்லுகள் விமானிகளின் கண்ணில் பாய்ந்தும் பல சமயம் கண் அவற்றை எதிர்க்கவில்லை என்பதை ஹெரால்ட் ரிட்லி என்ற டாக்டர் கவனித்தார். 1949-ல் முதல் செயற்கை லென்ஸ் பிறந்தது. கேடராக்ட் ஆபரேஷன் செய்துகொண்ட உங்கள் தாத்தா அவருக்கு ஒரு நன்றி சொல்லலாம்.

கண்ணாடியைத் தடிமனாக்கினால் பச்சை அடிக்கும். அக்ரிலிக் தெளிவாகவே இருக்கும். பலகை மேல் பலகையாக ஒட்டி எவ்வளவு வேண்டுமானாலும் தடிமனாக்கலாம். அவ்வளவுதான், ஆசைக்கு அளவில்லாமல் போனது. 2002-ல் ஜப்பானின் ஓகினாவாவில் 22.5 மீட்டர் அகலம், 8.2 மீட்டர் உயரத்தில் ஒரு ஜன்னல். தடிமன் 60 சென்டிமீட்டர். 2008-ல் துபாய், 32.88 மீட்டர் அகலத்தில் அதை முந்தியது. 2010 பிப்ரவரியில் அது கசிந்து, மாலின் ஒரு பகுதியைக் காலி செய்யவேண்டி வந்தது. கசிந்த இடம்? பலகைகள் சேர்கிற மூட்டு.

சரி, பெர்லின். நிபுணர் குழு சில்லு சில்லாகப் பொறுக்கி ஆராய்ந்து 2023-ல் அறிக்கை கொடுத்தது. நிச்சயமான ஒரே காரணம் என்று எதையும் சுட்ட முடியவில்லை. சாத்தியங்கள் மூன்று. ஒன்று, ஒட்டு விட்டுப்போயிருக்கலாம். இரண்டு, 2019-20 பராமரிப்பு வேலையின்போது அடிப்பகுதியில் விழுந்த ஒரு சிறு வடு வேலையைக் காட்டியிருக்கலாம். மூன்று, அதே சமயம் தொட்டி காலியாகக் கிடந்ததில் அக்ரிலிக் உலர்ந்து, உள்ளுக்குள் இழுவிசை ஏறியிருக்கலாம்.

கவனித்தீர்களா? மூன்றுமே கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாத சமாச்சாரங்கள். பத்து லட்சம் லிட்டர், 1,500 மீன், லிஃப்ட், டிக்கெட் எல்லாம் அவற்றை நம்பித்தான் நின்றிருக்கின்றன.

என் தொட்டி இப்போது இரண்டாவது வாழ்க்கையில் இருக்கிறது. சிலிக்கானை மிச்சமில்லாமல் சுரண்டி எடுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனது. விளிம்புகளைத் தேய்த்து, செய்முறைக் காகிதத்தை வரிவரியாகப் படித்து, ஊசியால் விட்டேன். மூலைகள் பளிங்கு மாதிரி சேர்ந்துகொண்டன. உள்ளே நாலு கப்பி மீன்கள், சுகமாக இருக்கின்றன.

ஆனாலும் தினமும் ராத்திரி படுக்கப் போகுமுன் தொட்டிக்கு அடியில் விரலால் ஒரு முறை தடவிப் பார்த்துவிடுகிறேன். கீழ்வீட்டு அம்மாவும் அப்படியே தன் சீலிங்கைப் பார்த்துக்கொள்வதாகக் கேள்வி.