முத்துலட்சுமி ரெட்டி

முத்துலட்சுமி ரெட்டி (30 ஜூலை 1886 – 22 ஜூலை 1968): மருத்துவர், சட்டமன்ற உறுப்பினர், சமூகத் தொண்டர். சென்னை அடையாற்றில் உள்ள அவ்வை இல்லத்தையும் புற்றுநோய் நிலையத்தையும் நிறுவியவர். இவர் கையிலெடுத்த பொதுக் காரியங்களில் முக்கியமானவை எல்லாம் வீட்டுக்குள் பட்ட துயரத்திலிருந்து கிளம்பியவை. தாய் பிறந்த குலத்தின் மீது ஊர் சுமத்திய இழிவு சட்டமன்றத் தீர்மானமாயிற்று. தங்கையைக் கொண்டுபோன நோய் மருத்துவமனையாயிற்று. வாசலில் வந்து நின்ற பெண்பிள்ளைகள் ஓர் இல்லமானார்கள்.

புதுக்கோட்டை சமஸ்தானத்தில் பிறந்தார். தந்தை நாராயணசாமி ஐயர் அங்குள்ள மகாராஜா கல்லூரியின் முதல்வர். தாய் சந்திரம்மாள் இசை வேளாளர் குலத்தவர். அக்குலப் பெண்களில் பலர் அந்நாளில் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி, தேவதாசிகளாக விடப்பட்டவர்கள். இந்த உறவை ஐயரின் சுற்றத்தார் ஏற்கவில்லை. அவர்களோடு போக்குவரத்து அறுந்த நிலையில், தாய்வழிச் சொந்தங்களுக்கு நடுவேதான் பிள்ளைகள் வளர்ந்தார்கள். பாட்டும் நாட்டியமும் தெரிந்த பெண்கள் ஊராரால் எப்படிப் பார்க்கப்பட்டார்கள், வயது வந்த பெண்பிள்ளையைப் பற்றி வீட்டில் எழும் பேச்சு என்ன என்பதையெல்லாம் முத்துலட்சுமி சிறு வயதிலேயே அருகிலிருந்து பார்த்தார். பின்னாளில் சட்டமன்றத்தில் அவர் பேசியவற்றுக்கு வேர் இங்கேதான் இருக்கிறது. இவரைப் பற்றி எழுதுவோர் பலர் நேரே அவர் சட்டமன்றம் புகுந்த 1926க்குத் தாவிவிடுகிறார்கள். புதுக்கோட்டை நாட்களை விட்டுவிட்டால் மற்றவை விளங்கா.

பருவம் வந்ததும் பள்ளியை நிறுத்திவிடுவது அன்றைய வழக்கம். மகளுக்குக் காலாகாலத்தில் கல்யாணம் முடிக்க வேண்டும் என்பது சந்திரம்மாளின் கவலை; மகளுக்கோ படிப்பின் மேல்தான் ஆசை. தந்தை வீட்டிலேயே படிக்க ஏற்பாடு செய்தார். தனியாகத் தேர்வெழுதி மெட்ரிகுலேஷன் தேறினார். அடுத்து, ஆண்பிள்ளைகள் மட்டும் படித்த மகாராஜா கல்லூரிக்கு விண்ணப்பம் போயிற்று. ஊரில் எதிர்ப்புக் கிளம்பியது. பெண் வந்தால் மாணவர்கள் கெட்டுப்போவார்கள் என்றார்கள் சிலர்; அவள் தாய் இன்ன குலம் என்று எடுத்துச் சொன்னார்கள் வேறு சிலர். மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் எதற்கும் செவி கொடுக்காமல் அனுமதி அளித்தார். முத்துலட்சுமி மூடிய வண்டியில் கல்லூரிக்கு வருவார். மாணவர்கள் கண்ணில் படாதபடி திரைக்குப் பின்னால் உட்கார்ந்து பாடம் கேட்பார். கல்லூரி முதல்வரின் மகளுக்கே அந்தக் கல்லூரியில் கிடைத்த இடம் அவ்வளவுதான். அக்கல்லூரியின் முதல் மாணவி இவரே.

1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1912இல் எம்.பி., சி.எம். பட்டத்தைப் பரிசுகளோடும் பதக்கங்களோடும் பெற்றார். எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையில் பயிற்சி மருத்துவராக அமர்ந்த முதல் பெண் இவர். இந்தியாவின் முதல் பெண் மருத்துவர் என்று மேடைகளில் இவரைச் சொல்லிவிடுவது உண்டு. அது சரியன்று, ஆனந்திபாய் ஜோஷி, காதம்பினி கங்குலி ஆகியோர் அவருக்கு ஒரு தலைமுறை முந்தியவர்கள். படிக்கும் நாளில் டாக்டர் நஞ்சுண்டராவ் வீட்டில் சரோஜினி நாயுடுவைச் சந்தித்தார். அன்னி பெசன்ட் அம்மையாரின் தொடர்பும் அப்போது ஏற்பட்டதே.

1914இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். அடையாற்றில், சாதிச் சடங்குகள் இன்றி, 1872ஆம் ஆண்டுத் திருமணச் சட்டப்படி நடந்த கல்யாணம். கல்யாணமே வேண்டாம் என்றிருந்தவர் இரண்டு நிபந்தனைகளைச் சொல்லித்தான் சம்மதித்தார்: தன்னைச் சமமாக நடத்த வேண்டும், தன் விருப்பத்துக்குக் குறுக்கே நிற்கக் கூடாது. சுந்தர ரெட்டி அந்தச் சொல்லைக் காப்பாற்றினார். ராம்மோகன், கிருஷ்ணமூர்த்தி என இரு புதல்வர்கள். பிறந்த வீட்டாரையும் முத்துலட்சுமி கைவிடவில்லை. தங்கை நல்லமுத்து பின்னர் ராணி மேரிக் கல்லூரியின் முதல்வரானார். தந்தையின் பேரப்பிள்ளை ஒருவன் ஆதரவிழந்தபோது, சென்னையில் ராமகிருஷ்ணா இல்லத்தில் சேர்த்துப் படிக்க வைத்ததும் இந்த அத்தைதான். அப்பிள்ளையே பின்னாளில் திரையுலகில் புகழ்பெற்ற ஜெமினி கணேசன். தந்தைவழிச் சொந்தம் ஒரு காலத்தில் ஒதுக்கி வைத்த பெண் அதே சொந்தத்தின் பிள்ளைக்குத் துணை நின்றார் என்பதைக் குறிப்பிட்டே ஆக வேண்டும்.

1925இல் அரசு உதவித்தொகை பெற்று, பெண்கள், குழந்தைகள் நோய்களில் மேற்பயிற்சிக்காக லண்டன் சென்றார். கணவரும் பிள்ளைகளும் உடன் சென்றார்கள். 1926இல் பாரிஸில் கூடிய பன்னாட்டு மகளிர் மாநாட்டில் பேசினார். ஊர் திரும்பியதும், இந்திய மாதர் சங்கத்தார் அவர் பெயரைச் சென்னைச் சட்டமன்றத்துக்குப் பரிந்துரைத்தார்கள். மருத்துவத் தொழில் கெடும் என்று முதலில் தயங்கியவர், 1926 டிசம்பரில் நியமன உறுப்பினரானார். அடுத்து அவையின் துணைத் தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். பிரிட்டிஷ் இந்தியாவில் சட்டமன்ற உறுப்பினரான முதல் பெண் இவர். சமஸ்தானங்களைச் சேர்த்துப் பார்த்தால் திருவிதாங்கூரில் மேரி பூனன் லூக்கோஸ் முன்னதாகவே அவை உறுப்பினராக இருந்தார்.

அவையில் இவர் கேட்டவை ஒரு தாயும் மருத்துவரும் சேர்ந்து கேட்கக்கூடியவை: பள்ளிப் பிள்ளைகளுக்கு உடல் பரிசோதனை, ஏழைப் பெண்பிள்ளைகளுக்குக் கட்டணச் சலுகை, குழந்தைகளுக்குத் தனி மருத்துவமனை, பெண்களின் திருமண வயதை உயர்த்துதல். கல்வி வளர்ச்சியை ஆராய்ந்த ஹார்டாக் குழுவிலும் இடம்பெற்றார். ஆயினும் அவர் பெயர் நிலைத்தது தேவதாசி ஒழிப்பில்தான்.

1927 நவம்பரில் பொட்டுக்கட்டும் வழக்கத்தை நிறுத்தச் சட்டம் வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். 1929இல் இந்து சமய அறநிலையச் சட்டத்தில் ஒரு திருத்தம் நிறைவேறியது. தாசிகளுக்குக் கோயில் விட்டிருந்த மானிய நிலங்கள் இனி ஊழியத்தோடு பிணைக்கப்பட்டவை அல்ல. ஊழியத்தை விட்டாலும் நிலம் அந்தப் பெண்களிடமே இருக்கும். இந்த ஏற்பாட்டின் நுட்பம் போதிய அளவு பேசப்படவில்லை. வெறும் தடை மட்டும் போட்டிருந்தால் பல குடும்பங்கள் சோற்றுக்கு வழியின்றித் தெருவில் நின்றிருக்கும். அடுத்து 1930இல் பொட்டுக்கட்டுதலையே தடுக்கும் மசோதாவைக் கொண்டுவந்தார். எதிர்ப்பு பல பக்கமிருந்து வந்தது. சத்தியமூர்த்தி போன்ற காங்கிரஸ் தலைவர்கள் சமய வழக்கத்தில் சட்டம் தலையிடலாகாது என்றார்கள். தேவதாசிகளே சங்கமாகத் திரண்டு, தங்களை விலைமகளிரோடு சேர்ப்பது அநியாயம் என்று அரசுக்கு மனுக் கொடுத்தார்கள்; பெங்களூர் நாகரத்தினம்மாள் அவர்களில் ஒருவர். 1932ஆம் ஆண்டின் இறுதியில் தேவதாசிகள் ஆடிய சதிராட்டம் குறித்து, அதை ஆதரித்த ஈ. கிருஷ்ண ஐயரோடு பத்திரிகைகளில் கடும் விவாதமும் நடந்தது. கலை போய்விடும் என்பதே எதிர்த்தரப்பின் வலுவான வாதம். ஆனால் சிறுமிகளைக் கேட்காமலே பொட்டுக்கட்டிய வழக்கத்துக்கு அந்த வாதத்தில் விடையில்லை. அந்த வழக்கத்தை உள்ளிருந்து அறிந்து வெளியேறிய மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் முத்துலட்சுமியின் பக்கம் நின்றதே போதிய சான்று. மசோதா கிடப்பில் கிடந்து, 1947இல்தான் சட்டமாயிற்று. அப்போது அவர் அவையில் இல்லை. 1930இல் காந்தியடிகள் கைது செய்யப்பட்டதும் கண்டனம் தெரிவித்துப் பதவியைத் துறந்திருந்தார்.

அதே ஆண்டில் மூன்று பெண்கள் அவர் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். பொட்டுக்கட்டும் வாழ்விலிருந்து தப்பிப் படிக்க வந்தவர்கள். நகரத்தில் இருந்த விடுதிகள் அவர்கள் குலத்தைக் கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டன. முத்துலட்சுமி அவர்களைத் தம் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். அவ்வை இல்லம் அப்படித் தொடங்கியது. சாதி கேட்காமல் பெண்பிள்ளைகளைச் சேர்த்து, சோறு போட்டு, படிப்பும் தொழிலும் கற்பித்தது. 1936இல் அடையாற்றில் சொந்த இடத்துக்கு மாறியது.

புற்றுநோய் நிலையத்தின் கதை அதற்கும் முந்தியது. 1920களின் தொடக்கத்தில் அவருடைய தங்கை ஒருவர் குடல் புற்றுநோயால் இறந்தார். முதலில் சீதபேதி என்றே வைத்தியம் பார்த்திருக்கிறார்கள். நோய் இன்னது என்று தெரிந்தபோது செய்வதற்கு ஒன்றும் இல்லை. வீட்டில் மருத்துவர்கள் இருந்தும் காப்பாற்ற முடியாத சாவு அது. லண்டனில் இருந்தபோது அங்குள்ள புற்றுநோய் மருத்துவமனையைப் பார்த்து, அதுபோல் ஒன்று சென்னையில் வேண்டும் என்று உறுதி கொண்டார். சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழா நடந்த 1935இலேயே அதைப் பொதுவில் எடுத்துச் சொன்னார். அரசுப் பக்கம் ஆர்வமில்லை. பிழைக்க முடியாத நோய்க்கு மருத்துவமனை எதற்கு என்ற எண்ணமே மேலோங்கி இருந்தது. மாதர் சங்கத்தின் பெயரால் நிதி திரட்டினார். இளைய மகன் கிருஷ்ணமூர்த்தி புற்றுநோய் அறுவைச் சிகிச்சை கற்றுவந்து தாயோடு சேர்ந்துகொண்டார். 1952 அக்டோபரில் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18 அன்று 12 படுக்கைகளோடு நிலையம் திறந்தது. மறு ஆண்டு டாக்டர் வி. சாந்தா வந்து சேர்ந்தார். முதல் சில ஆண்டுகள் கிருஷ்ணமூர்த்தியும் சாந்தாவுமே அங்கு முக்கிய மருத்துவர்கள். திறப்பு விழாவின்போது முத்துலட்சுமிக்கு வயது 67.

இந்திய மாதர் சங்கத்தின் ‘ஸ்திரீ தர்மா’ இதழை நடத்தினார். சட்டமன்ற அனுபவங்களையும் தன் வரலாற்றையும் ஆங்கிலத்தில் நூல்களாக எழுதியுள்ளார். 1956இல் பத்மபூஷண் விருது பெற்றார். 82 வயது நிறைய எட்டு நாள் இருக்கும்போது சென்னையில் காலமானார். தமிழக அரசு ஏழைக் கர்ப்பிணிகளுக்கு அளிக்கும் மகப்பேறு நிதியுதவித் திட்டம் இவர் பெயரில் நடக்கிறது. அவ்வை இல்லமும் புற்றுநோய் நிலையமும் இயங்கி வருகின்றன.