ஒரே வண்டியில் இரு காலத்து வயரிங்

பழைய அம்பாசடரில் பேட்டரி அடிக்கடி இறங்கினால் பழி முதலில் பேட்டரி மேல் விழும். புதுப் பேட்டரி போட்டும் தீராவிட்டால் ஆல்டர்னேட்டரைக் கழற்றுவார்கள். இரண்டுக்கும் நடுவே ஓடும் வயரைக் கடைசியில்தான் பார்ப்பார்கள். இந்த வரிசை தலைகீழானது என்பது என் வாதம். டைனமோவோடு பிறந்து பிற்பாடு ஆல்டர்னேட்டருக்கு மாறிய கார்களில், சார்ஜிங் கோளாறு பல வேளைகளில் எந்த உறுப்பும் தேய்ந்ததால் வருவதில்லை. ஒரு காலத்து மின்னமைப்புக்காக இழுத்த வயரில் இன்னொரு காலத்து எந்திரம் வந்து சேர்ந்ததால் வருகிறது. அந்த வண்டியில் எதை, எப்படி மாற்றினார்கள் என்ற வரலாறு தெரியாமல் அதன் கோளாறைத் தேட முடியாது.

1912இல் காடிலாக் கார்கள் சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய செல்ஃப் ஸ்டார்ட்டரோடும் மின்விளக்கோடும் வந்தன. அதன்பின் பேட்டரியும் அதை நிரப்பும் டைனமோவும் மெல்ல மெல்ல எல்லாக் கார்களுக்கும் உரியவை ஆயின. தொடக்க கால டைனமோக்கள் பலவற்றில் மூன்றாவதாக ஒரு கார்பன் பிரஷ் இருந்தது. கரண்டின் அளவைத் தீர்மானித்தது அதுதான். பேட்டரி நிறைந்திருக்கிறதா, காலியா என்று அந்தப் பிரஷுக்குத் தெரியாது. நெடுந்தூரப் பயணத்தில் பேட்டரி கொதித்துவிடாமலிருக்க, பட்டப்பகலில் ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு ஓட்டியவர்கள் உண்டு. 1930களின் நடுவில் பிரிட்டனின் லூகாஸ் நிறுவனம் தானே வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் பெட்டியைப் பரவலாக்கியது. நம் ஊர்ப் பட்டறைகளில் ‘கட்-அவுட்’ என்றே அழைக்கப்பட்ட அந்தப் பெட்டிக்குள் இரண்டு சுருள்கள். டைனமோவின் வோல்டேஜ் பேட்டரியை மிஞ்சும்போது ஒன்று இணைப்பைக் கொடுக்கும், குறைந்ததும் துண்டிக்கும். இல்லையென்றால் பேட்டரி கரண்ட் திரும்பி டைனமோவுக்குள் ஓடிவிடும். மற்றது நொடிக்குப் பலமுறை அதிர்ந்து, ஃபீல்டு சுருளுக்குப் போகும் கரண்டைக் குறைத்தும் கூட்டியும் வோல்டேஜை நிலையாக வைக்கும். பேட்டரி, விளக்கு, டைனமோ, ஃபீல்டு, எர்த் என ஐந்து வழிகளும் அந்தப் பெட்டியில் கூடின. காரின் மின்சாரத்துக்கு அதுவே நடுச்சந்தி.

அந்தச் சந்திக்கு வரும் வயர்களுக்கு நிறமும் வகுத்திருந்தார்கள். பேட்டரியிலிருந்து எந்தத் தடையுமின்றி வருவது பழுப்பு. இக்னிஷன் சாவியைத் திருப்பினால் உயிர்பெறுவது வெள்ளை, அதுவே ஃபியூஸைத் தாண்டினால் பச்சை, எர்த் கறுப்பு. டைனமோவின் பருத்த வயர் முதலில் மஞ்சளாகவும் பிற்பாடு பழுப்பில் மஞ்சள் கோடாகவும் இருந்தது. ஃபீல்டின் மெல்லிய வயருக்கு ஒரு பச்சைக் கோடு. நிறத்தைப் பார்த்தே எந்த வயரில் எப்போது கரண்ட் இருக்கும் என்று சொல்லிவிடலாம். அம்பாசடருக்கு மூலமான மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசை இந்த மரபில் கட்டிய கார். அதை 1950களின் பிற்பகுதியில் உத்தர்பாராவில் செய்யத் தொடங்கினார்கள். 1961இல் டி.வி.எஸ். குழுமமும் லூகாஸும் சேர்ந்து தொடங்கிய லூகாஸ்-டி.வி.எஸ்., சென்னை பாடியில் கார்களுக்கான மின்பாகங்களைச் செய்யலாயிற்று. அம்பாசடர் உற்பத்தி நின்றது 2014இல். இங்கிலாந்தில் ஒரு மாடல் ஓய்ந்து அடுத்தது வந்தபோது புதிய மின்னமைப்பும் புதிய உடலும் சேர்ந்தே வந்தன. இங்கே ஒரே உடல் அரை நூற்றாண்டுக்கு மேல் நின்றது. அதனால் டைனமோவின் காலமும் ஆல்டர்னேட்டரின் காலமும் ஒரே பானெட்டுக்கடியில் சந்திக்க நேர்ந்தது. இந்தியக் கார் வரலாற்றில் இதற்குரிய கவனம் கிடைக்கவில்லை என்றே நினைக்கிறேன்.

ஆல்டர்னேட்டரைச் சாத்தியமாக்கியது சிலிக்கான் டையோடு. 1960இல் கிரைஸ்லரின் வேலியன்ட் அதைப் பெருமளவு உற்பத்திக்குக் கொண்டுவந்தது. டைனமோ, எஞ்சின் ஐட்லிங்கில் இருக்கும்போது ஏறக்குறைய எதுவும் தராது. சார்ஜ் ஏறவில்லை என்று எச்சரிக்கும் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருக்கும். ஆல்டர்னேட்டரோ மெதுவாகச் சுற்றும்போதும் சார்ஜ் செய்யும். நெரிசலில் நின்று நின்று போகும் நகரத்து டாக்ஸிக்கு இது வரப்பிரசாதம். டைனமோ வண்டிகளை மாற்றிக்கொண்டவர்கள் சரியான காரணத்துக்காகவே மாற்றினார்கள். சிக்கல் மாற்றிய முறையில் இருக்கிறது. ஆல்டர்னேட்டரோடு அதற்கென்று ரெகுலேட்டர் வந்துவிடுவதால் கட்-அவுட் பெட்டிக்கு வேலை இல்லை. ஆனால் அதைத் தேடி வரும் வயர்கள் இருக்கின்றன. எளிய வழி, பெட்டியை ஒரு இணைப்புப் பலகையாக மட்டும் வைத்துக்கொண்டு, டைனமோவின் பருத்த வயரைப் பேட்டரியின் பழுப்பு வயரோடு சேர்த்துவிடுவது. ஃபீல்டுக்குப் போன மெல்லிய வயர் எச்சரிக்கை விளக்கின் வயராகிவிடும். வண்டி ஓடும், சார்ஜும் ஏறும். ஆனால் நிறங்களின் பொருள் மாறிவிட்டது. எஞ்சின் ஓடினால் மட்டும் உயிர்பெற்ற வயரில் இப்போது வண்டி நிற்கும்போதும் பேட்டரி கரண்ட் இருக்கிறது. அந்த வழியில் ஃபியூஸும் கிடையாது. பழைய முறையில் அங்கே ஃபியூஸ் தேவைப்படவில்லை. வண்டி நின்றால் கட்-அவுட் இணைப்பைத் துண்டித்துவிடும் என்ற நம்பிக்கை அதில் பொதிந்திருந்தது.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. ஐம்பது வருட வயர் எப்படியும் கெடத்தானே செய்யும், பச்சைக் களிம்பும் வெப்பமும் போதாதா, வரலாற்றை ஏன் இழுக்க வேண்டும் என்று கேட்கலாம். முதுமை உண்மைதான். ஆனால் அது மட்டுமே காரணம் என்றால், கோளாறு ஏன் பெரும்பாலும் சார்ஜிங் வழியிலேயே முதலில் தலைகாட்டுகிறது என்பதற்குப் பதில் கிடைக்காது. ஒரு கணக்கைப் பார்க்கலாம். லூகாஸ் சி40 டைனமோவின் உச்சம் 22 ஆம்பியர். 16ஏ.சி.ஆர். ஆல்டர்னேட்டரின் உச்சம் 34. களிம்பேறிய ஓர் இணைப்பில் 0.05 ஓம் தடை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 22 ஆம்பியர் அதன் வழியே ஓடினால் 1.1 வோல்ட் வீணாகும், 24 வாட் வெப்பமாகும். 34 ஆம்பியர் ஓடினால் 1.7 வோல்ட், ஏறக்குறைய 58 வாட். அதே இணைப்பு, அதே களிம்பு. வெப்பம் மட்டும் இரு மடங்கைத் தாண்டிவிட்டது. டைனமோ இருந்தவரை அந்த முதுமையை வண்டி தாங்கியிருக்கும். தாங்க முடியாமல் போனது எந்திரம் மாறிய பிறகு. ஹாலஜன் விளக்கும் பெரிய ஹாரனும் பின்னால் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்து, அந்த உச்சத்தை அன்றாட விஷயமாக்கின.

இதனால்தான் தேடும் முறையும் மாற வேண்டும். மல்டிமீட்டரை வைத்து 12 வோல்ட் வருகிறதா என்று மட்டும் பார்ப்பது ஏமாற்றும். பத்துப் பிரியில் ஒரே பிரி மிஞ்சியிருந்தாலும் சுமை இல்லாதபோது மீட்டர் முழு வோல்டேஜைக் காட்டும். ஒரு பல்பும் இரண்டு வயரும் கொண்ட பழைய டெஸ்ட் லாம்ப் கொஞ்சமாவது கரண்டை இழுப்பதால் சில இடங்களில் அதைவிட நேர்மையாகப் பேசும். சார்ஜிங் வழிக்குச் சிறந்த சோதனை வேறு: எஞ்சினை ஓடவிட்டு, ஹெட்லைட்டைப் போட்டு, ஆல்டர்னேட்டரின் வெளிமுனைக்கும் பேட்டரி பாசிட்டிவுக்கும் இடையே மீட்டரை வைப்பது. அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் கோளாறு அந்த வழியில் இருக்கிறது. கட்-அவுட் பெட்டி, ஆம்ப் மீட்டர், செல்ஃப் ஸ்விட்ச் என ஒவ்வொரு நிறுத்தமாக மீட்டரை நகர்த்தினால் இடம் பிடிபடும். எர்த் பக்கமும் இப்படியே. எஞ்சின் ரப்பர் மீது உட்கார்ந்திருப்பதால் பாடிக்கும் அதற்கும் ஒரு பின்னல் பட்டை போடப்பட்டிருக்கும். அது அறுந்தால் கரண்ட் சோக் கேபிள் வழியாகக்கூடத் திரும்ப வழி தேடும், கேபிள் சூடாகும். எச்சரிக்கை விளக்கையும் அலங்காரம் என்று எண்ணக் கூடாது. ஆல்டர்னேட்டர் முதலில் விழித்துக்கொள்ளத் தேவையான சிறு கரண்ட் அந்தப் பல்பின் வழியாகத்தான் போகிறது. பல்பு எரிந்துபோன வண்டியில், ஆல்டர்னேட்டரில் ஒரு குறையும் இல்லாமலே சார்ஜ் ஏறாமல் போகலாம்.

நிறத்தை நம்ப முடியாது, கைக்குக் கிடைத்த வயரை எல்லாரும் போட்டிருக்கிறார்கள் என்பது இன்னொரு மறுப்பு. அந்த மறுப்பே என் வாதத்துக்குச் சாட்சி. வகுத்த நிறத்துக்கு மாறான வயர் எங்கே தொடங்குகிறதோ அங்கே யாரோ ஒருவர் கைவைத்திருக்கிறார். தேடலை அங்கிருந்து தொடங்கலாம். டேப் சுற்றிய முறுக்கும், சால்டர் இல்லாத லக்கும் அதே செய்தியைத்தான் சொல்கின்றன. மொத்த வயரிங்கையும் பிடுங்கிவிட்டுப் புதுசு போட்டால் போகிறது என்பவர்களுக்கும் பாதி நியாயம் உண்டு. பருத்தி நூல் சுற்றிய பழைய ரப்பர் உறை வெடித்திருந்தால் வேறு வழியே இல்லை. ஆனால் பழைய வரைபடத்தின்படி செய்த புது செட் டைனமோவுக்கான செட். அதை ஆல்டர்னேட்டர் வண்டியில் போட்டால், களிம்பு மட்டும் இல்லாத அதே பிழையை விலை கொடுத்து வாங்கியதாகும். செய்ய வேண்டியது இதைவிடச் சிறியது. ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரிக்கு நேராக, 34 ஆம்பியரைத் தாங்கும் தனி வயர் ஒன்று, பேட்டரி முனைக்கு அருகிலேயே அதற்கொரு ஃபியூஸ், பழைய பருத்த வயரின் இரு முனைகளையும் கழற்றி உறையிட்டு ஒதுக்கிவைப்பது, கட்-அவுட் பெட்டிக்குள் எந்த வயர் இப்போது என்ன வேலை செய்கிறது என்று ஒரு சீட்டில் எழுதி மூடிக்குள் ஒட்டிவிடுவது.